தொனி

டோன் என்னும் ஆங்கிலச் சொல் ஓரசையால் ஆயது; சொல்லி முடிக்க ஒரு நொடியும் வேண்டுவதில்லை. ஆயினும் அதனைத் தமிழிற் பெயர்க்கப் புகுவோர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சற்றே சிந்திக்க வேண்டியவராவர். இசைவாணர் அதனைச் சொன்னால் சுரம் என்றோ, இரண்டு சுரங்கட்கு இடையேயுள்ள தூரம் என்றோ பொருள் கொள்கின்றோம். ஓவியர் சொன்னால், ஒரு வண்ணம் வெளிச்சத்தை நோக்கியும் இருளை நோக்கியும் படிப்படியாக மாறும் சாயல் என்கின்றோம். மருத்துவர் சொன்னால், தசையானது வேலையின்றி ஓய்ந்திருக்குங் காலத்தும் முற்றுந் துவண்டுவிடாதபடி தன்னுள்ளே வைத்துக்கொண்டிருக்கும் இலேசான முறுக்கு என்று விரித்துரைக்க வேண்டியிருக்கின்றது. பத்திரிகாசிரியர் தலையங்கத்தின் டோன் என்பார். கம்பித் தொலைபேசியைக் கையிலெடுத்தவுடன் காதில் விழும் முரலொலியும் டோன்தான். கல்லூரித் தலைவர்கள் ஆண்டறிக்கை வாசிக்குங்கால் கல்லூரியின் டோன் என்றொன்றைக் குறிப்பிடுதல் நெடுநாளைய வழக்கம். அதனைக் கேட்டுக் கைதட்டும் மாணவருள் எத்துணைப் பேர் அஃது இன்னதென்று அறிந்து கைதட்டுகின்றனர் என்பது ஐயத்திற்குரியது.

இத்தனை பொருளையும் ஒருங்கே தாங்கவல்ல தமிழ்ச்சொல் ஒன்றில்லை. தொனி என்பது ஒருவாறு அணுகி நிற்கின்றது. ஆயினும் தசையின் தொனி என்று எழுதினாற் சிரிப்பார்கள். இதனை நம் மொழிக்கு ஒரு குறையென்று யாம் கருதவில்லை. ஆங்கிலேயர் ஒரே பெட்டியில் அடைத்து வைத்திருப்பனவற்றை நாம் குரல், ஓசை, இசை, பண், சாயல், முறுக்கு எனப் பல பேழைகளில் வகைப்படுத்தி வைத்திருக்கின்றோம், அவ்வளவே. ஆயினும், அவையெல்லாம் ஒரு சொல்லில் வந்து குடியேறியது எவ்வாறு என்று பார்த்தல் பயனுடைத்து. அதன் வேர் டோனோஸ் என்னுங் கிரேக்கச் சொல். இழுத்துக் கட்டுதல், அதனால் உண்டாகும் விறைப்பு என்பன அதன் பொருள். நரம்பை இழுத்துக் கட்டினால் ஒலி உயர்கின்றது, தளர்த்தினால் தாழ்கின்றது. ஆதலின் இழுப்பின் பெயர் ஒலிக்கு ஆயிற்று. தசையின் முறுக்கும் அவ்வேரிற் கிளைத்ததே.

நம் முன்னோரும் இவ்வழியே நடந்திருக்கின்றனர். பழந்தமிழ் இசைநூலார் நரம்பு என்னுஞ் சொல்லையே சுரத்திற்கும் வழங்கினர். உடம்பினுள் ஓடுவதும் நரம்பு, யாழிற் கட்டியதும் நரம்பு, அதினின்று எழுவதும் நரம்பு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழாக வகுத்து, முதலதற்குக் குரல் என்று பெயரிட்டனர். மனிதர் மிடற்றொலிக்கும், முற்றிச் சாய்ந்த தினைக்கதிருக்கும் அப்பெயரே உரியது. கிரேக்கரும் தமிழரும் ஒருவரை ஒருவர் கேளாமலே நரம்பிலிருந்து ஒலிக்குச் சென்றது எமக்கு வியப்பைத் தருகின்றது. ஒலிக்கு முன்னே ஓர் இழுப்பு உண்டு என்பதும், இழுக்கப்பட்ட நரம்பிற்கு இரண்டு முனைகள் உண்டு என்பதும் இவ்விரு மொழிகளும் ஒப்பிய செய்தி. இதனைப் பின்னர் வேறோரிடத்தில் எடுத்துக்கொள்வோம்.

தொனியே பொருளாகி நிற்கும் மொழிகளும் உலகில் உள. சீனத்தில் மா என்னும் ஓரசையை நான்கு வகையாக இசைத்துச் சொன்னால் தாய், சணல், குதிரை, வைதல் என நான்கு சொற்களாம். தாயை அழைக்க எண்ணிக் குதிரையை அழைத்துவிடுதல் அங்கே புதியவர்க்கு எளிது. நம் நாட்டு மொழிகளுட் பஞ்சாபியும் இவ்வகையினதே. தமிழ் அத்தகைய மொழியன்று. எனினும் நம் உரையாசிரியர்கள் இவ்விஷயத்திற் செவிடராக இருந்தாரல்லர். 'வந்தான்' என்பது ஓர் இடத்தில் வினைமுற்று, மற்றோர் இடத்தில் வந்தவன் என்று பொருள்படும் பெயர். எழுத்தில் ஒரு புள்ளியும் மாறுவதில்லை. எடுத்தலோசை, படுத்தலோசை என்பவற்றால் அவ்வேற்றுமை விளங்கும் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கின்றனர். ஓலையில் எழுதப்படாததும் சொல்லின் ஒரு பகுதியே என்பதை ஓலையிலேயே எழுதிவைத்த பெருமை அவர்களுக்குரியது. வடமொழியாளரோ ஒலி என்னும் பொருளுடைய த்வனி என்ற சொல்லையே எடுத்து, கவிதையிற் சொல்லாமற் சொல்லப்படும் பொருளுக்குப் பெயராக்கினர். காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் ஒன்பதாம் நூற்றாண்டில் அதன்மேல் ஒரு பெருநூலே இயற்றினார். தமிழில் நாம் வழங்கும் தொனி அங்கிருந்து வந்தது; வரும்போது அவ்விரு பொருளையும் உடன் கொண்டு வந்தது.

நூல்களை இவ்வளவோடு நிறுத்தி, நாடோறும் வழங்கும் ஒரு சொல்லைப் பார்ப்போம். சரி என்பது இரண்டெழுத்து. தேர்வு நன்றாக எழுதவில்லை என்று மகன் சொல்லத் தாய் சொல்லும் 'சரி' ஒன்று. அதனையே தந்தை சொல்லும்போது, வீட்டிலுள்ள நாயும் எழுந்து வெளியே போய்விடும். நண்பன் கடன் கேட்கையில் இழுத்துச் சொல்லப்படும் 'சரி'யின் உள்ளே 'இல்லை' என்பது உட்கார்ந்திருக்கின்றது. நோயாளியின் நாடியைப் பார்த்துவிட்டு மருத்துவர் தமக்குள் சொல்லிக்கொள்ளும் 'சரி'யைக் கேட்டு உறவினர் முகம் வெளிறுதலும் உண்டு. இக்காலத்தார் கைப்பேசியில் இச்சொல்லை எழுத்தாக அனுப்புகின்றனர். வாங்கியவர் அதனை எத்தொனியில் வாசிப்பது? தம் மனநிலை எதுவோ அத்தொனியிலேயே வாசிக்கின்றார். அஞ்சியிருப்பவருக்கு அது கோபமாகவும், சினந்திருப்பவருக்கு அலட்சியமாகவும் கேட்கின்றது. இக்குறையை நிரப்பவே மஞ்சள் நிறச் சிறுமுகங்களை வரிசையாக ஒட்டி அனுப்புகின்றனர் போலும். எம் பாட்டனார் காலத்து அஞ்சலட்டையில் 'நிற்க' என்றும் 'க்ஷேமம்' என்றும் வழங்கிய சொற்களும் ஒருவகையில் இவ்வேலையையே செய்தன என்பது எம் எண்ணம்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் நம் மேற்றிசைப் புறநகர்கள் இவ்விஷயத்திற்கு வேண்டிய உதாரணங்களைத் தாமே தருகின்றன. இங்கே ஆலைகள் மிகுதி. அம்பத்தூரில் 1949-ல் மிதிவண்டித் தொழிற்சாலை எழுந்தது. பின்னர்த் தொழிற்பேட்டையும், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் வந்தன. ஆலை ஊதலுக்குத் தமிழ்மக்கள் இட்ட பெயர் சங்கு. 'சங்கு பிடித்துவிட்டது' என்றால், சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும் என்பது பொருள். கோயிலிலும் சங்கு, கலியாணத்திலும் சங்கு, பிணத்தின் முன்னும் சங்கு. 'சங்கு ஊதியாயிற்று' என்று ஒருவரைப்பற்றிச் சொன்னால் எந்தச் சங்கு என்று எவரும் கேட்பதில்லை. ஒரே கருவியின் ஒரே ஒலியை இத்தனை பொருளில் வாங்கிக்கொள்ளுஞ் செவிகள் நம் மக்களுடையவை. இதற்கு நேர்மாறானது பேருந்து நடத்துநர் ஊதலின் ஒலி. ஒரு முறை ஊதினால் நில், இரு முறை ஊதினால் செல். அதிற் கோபமும் இல்லை, அன்பும் இல்லை. பூவிருந்தவல்லி சாலையில் மாலை நெரிசலில் அந்த ஊதலைக் கேட்கும்போது, தொனியில்லாத ஒலியும் சில சமயம் ஓர் இளைப்பாறுதல்தான் என்று தோன்றுவதுண்டு.

ஆவடியை நினைக்கையில் எழுத்தின் தொனியைப்பற்றியும் ஒரு சொல் சொல்லாமற் போதல் கூடாது. 1955 ஜனவரியில் உ. ந. தேபர் தலைமையில் ஆவடியிற் கூடிய காங்கிரஸ் மகாசபை நாட்டின் பொருளாதாரக் கொள்கையைப்பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. சோஷலிஸம் என்று நேரே சொல்லாமல், சோஷலிஸ மாதிரியான சமுதாய அமைப்பு என்று அதிற் கூறப்பட்டது. ஆங்கிலத்தில் அவ்வேற்றுமை சொல்லின் இறுதியில் ஒட்டிய ஒரு சிறு விகுதியளவே. அவ்விகுதியிலேதான் தீர்மானத்தின் தொனி முழுதும் இருந்தது. முதலாளிமார் அஞ்சவேண்டா என்பதும் அதில் உண்டு. தொழிலாளர் நம்பலாம் என்பதும் அதில் உண்டு. 21 ஆண்டுகள் கழிந்து, 1976-ல், அரசியற் சட்டத்தின் முகவுரையில் அச்சொல் விகுதியின் போர்வையின்றியே ஏறிற்று. ஓவியர் கூறும் வண்ணச் சாயலை அரசியலில் காண விரும்புவோர் அவ்விரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

பூவிருந்தவல்லி என்றவுடன் வைணவ அன்பர்களின் நினைவில் எழுபவர் திருக்கச்சி நம்பிகள். அவ்வூரிற் பிறந்து, காஞ்சியில் வரதராஜருக்கு ஆலவட்டம் வீசித் தொண்டுசெய்த அவரோடு பெருமாள் நேரே பேசுவார் என்பது வழிவழிச் செய்தி. இராமாநுசர் தம் மனத்திலிருந்த ஐயங்களை வாயாற் சொல்லாமலே நம்பிகளை அனுப்ப, ஆறு வார்த்தைகளில் விடை வந்தது என்பர். இச்செய்தியைப் படிக்குந்தோறும் எமக்கு ஒன்று தோன்றும்: கேட்ட சொற்களை மறவாமற் கொண்டுசெல்லுதல் நினைவாற்றலுடைய எவர்க்கும் கூடும், கேட்ட தொனியிலே அவற்றை ஒப்புவித்தல் சிலர்க்கே கூடும். வரதரின் விடையை நம்பிகள் எக்குரலிற் சொன்னார் என்பதை ஏடுகள் சொல்லவில்லை. சொன்ன மாத்திரத்தில் இராமாநுசரின் ஐயம் நீங்கியதால், அக்குரலில் நம்பிகளின் சொந்தக் கலப்பு ஒன்றும் இருந்திராது என்று கொள்கின்றோம்.

நிற்க. அதே பூவிருந்தவல்லியில் பார்வையற்ற சிறுவர்க்கான அரசுப் பள்ளியொன்று நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. அங்கே பயின்று, பின்னர் நம் கல்லூரியிற் சேர்ந்த நண்பர் ஒருவர் எமக்குண்டு. தொனியைப்பற்றி நூல்களிலிருந்து யாம் அறிந்தவை மேலே கூறியவை. அவரிடமிருந்து அறிந்தவையே இனிக் கூறுபவை. மாலையில் இருவரும் ஒரே மின்சார வண்டியில் ஆவடிக்குத் திரும்புவது வழக்கம். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் என நிலையங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக ஒலிக்கும் என்பார் அவர். எமக்கு எல்லாம் ஒரே இரைச்சல்.

ஒரு நாள் எதிரே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எம்மை நோக்கி, "இவர் எங்கே இறங்க வேண்டும்? பாவம்" என்று கேட்டார். அவர் நல்லவர், உட்கார இடங்கொடுத்தவரும் அவரே. நண்பர் தாமே, "ஆவடியில் இறங்குவேன், ஐயா" என்று விடையளித்தார். உடனே முதியவர் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, "தம்பி! ஆவடி! இன்னும் நாலு ஸ்டேஷன்!" என்றார். நண்பர் வணக்கத்தோடு தலையசைத்தார். முதியவர் அம்பத்தூரில் இறங்கியபின், "எனக்குக் கண் இல்லை என்று கண்டவுடனே காதும் இல்லை என்று முடிவுசெய்துவிடுகிறார்கள்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பின்றிச் சொன்னார்: "என்னிடம் பேசுவோர்க்கு மூன்று தொனிகள் உண்டு. குழந்தையிடம் பேசுவது ஒன்று. செவிடரிடம் பேசுவது ஒன்று. மூன்றாவது, நான் அங்கே இல்லாததுபோல என் பக்கத்திலிருப்பவரிடம் பேசுவது. சொற்களெல்லாம் நல்ல சொற்களே. ஒருவரும் என்னை வைததில்லை. ஆனால் நாள் முழுதும் அம்மூன்று தொனிகளையே கேட்டுவிட்டு வீட்டிற்குப் போய்ப் படுக்கும்போது, வைதவர்களே மேல் என்று தோன்றும். வைகிறவன் என்னோடு பேசுகிறான்."

யாம் மேலே நரம்பின் இரண்டு முனைகளைப்பற்றிக் கூறினோம். நண்பர் சொல்லியதன் பொருள் அஃதே என்று எமக்குப் பட்டது. ஒரு முனையைப் பேசுபவர் பிடிக்கின்றார். மறு முனையைக் கேட்பவர் கையிற் கொடுத்தால்தான் நரம்பு விறைக்கும். இரக்கமுடைய பலர் இரண்டு முனைகளையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டு மீட்டுகின்றனர்.

தமிழில் இதற்கு ஒரு வசதியும் உண்டு, ஓர் இடர்ப்பாடும் உண்டு. வா, வாரும், வாருங்கள் என்று மரியாதையை வினைச்சொல்லின் இறுதியிலேயே நாம் கட்டி வைத்திருக்கின்றோம். ஆங்கிலேயர்க்கு அந்த வசதி இல்லை. இடர்ப்பாடு என்னவெனில், விகுதியைச் சரியாகச் சொல்லிவிட்டால் கடமை தீர்ந்ததென்று எண்ணிவிடுகின்றோம். 'வாருங்கள், வாருங்கள்' என்று ஒருவரை வாயிலிலேயே நிறுத்திவைத்து அவமதித்தல் கூடும். 'வாடா' என்று அழைத்து நெஞ்சோடு தழுவுதலும் கூடும். ஆண்டறிக்கையிற் குறிப்பிடப்பெறும் கல்லூரியின் டோன் என்பது, பரிசளிப்பு விழா மேடையிற் பேசும் குரலில் இல்லை. விடுதியிற் பாத்திரம் துலக்கும் அம்மையாரைத் தண்ணீர் கேட்கும் குரலிலும், காலந்தாழ்த்து வந்த மாணவனை வகுப்பினுள் விடும் ஆசிரியர் குரலிலும் இருக்கின்றது. நம் நண்பரைக் கேட்டால் எந்தத் துறையில் எந்த டோன் என்று எண் போட்டுச் சொல்லிவிடுவார். நல்லவேளையாகத் தணிக்கைக்கு வருவோர் அவரைக் கேட்பதில்லை.

குரலை அவர் எவ்வாறு இனங்காண்கின்றார் என்று விசாரித்தோம். அவர் அதனை விளக்கமுடியாது என்றார். பௌதிகப் பேராசிரியர் ஒருவர் ஒருவாறு விளக்கினார். பழைய தொலைபேசிக் கம்பி நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகளையே கடத்தும். வளர்ந்த ஆடவர் குரலின் அடிப்படை அதிர்வோ பெரும்பாலும் 100-க்கும் 150-க்கும் இடைப்பட்டது. அஃதாவது, தந்தையார் தொலைபேசியிற் பேசுகையில் அவர் குரலின் அடித்தளம் கம்பியில் வரவேயில்லை. அதன்மேல் எழும் கிளையொலிகள் மட்டுமே வருகின்றன. நம் செவியும் மூளையுஞ் சேர்ந்து, இல்லாத அடித்தளத்தைத் தாமே அமைத்துக்கொண்டு, 'அப்பா' என்று அறிந்துகொள்கின்றன. கேட்டல் என்பது பாதி கட்டுதலே என்றார் பேராசிரியர். நண்பர்க்கு இச்செய்தி மிகவும் பிடித்திருந்தது.

வேதாகமத்தில், முதுமையிற் கண்பார்வை மங்கிய ஈசாக்கின் வரலாறு நம் மாணவர் அனைவரும் அறிந்ததே. இளைய மகன் யாக்கோபு ஆட்டுக்குட்டித் தோலைக் கைகளில் கட்டிக்கொண்டு, மூத்தவன் ஏசாவைப்போல் வந்து ஆசி கேட்கின்றான். முதியவர், குரல் இளையவனுடையது என்று அறிந்தும், கைகளைத் தடவிப் பார்த்து ஏமாந்து ஆசி வழங்கிவிடுகின்றார். சிற்றாலயத்தில் இப்பகுதி வாசிக்கப்பெற்ற அன்று, "செவி உண்மையைச் சொல்லிற்று, அவர் கையை நம்பினார்" என்று வருந்தினார் நண்பர். சற்றுப் பொறுத்து, "பிற்காலத்திற் பார்வை இழந்தவர், பூவிருந்தவல்லிப் பள்ளியிற் படித்தவரல்லர்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வண்டி அம்பத்தூரை விட்டால் அடுத்தது திருமுல்லைவாயில். "இந்த ஊர்க் கோயிலிற் பாடியவரும் எம்மவரே" என்பார் நண்பர். சுந்தரமூர்த்தி நாயனாரை அவர் குறிப்பது. சுந்தரர் வாழ்க்கையைத் தொனியின் வரலாறு என்றே சொல்லிவிடலாம். மணப்பந்தலில் ஆளோலையோடு வந்து நின்று, நீ எனக்கு அடிமை என்று வழக்காடிய முதியவரைப் பித்தன் என்று அவர் வைதார். வழக்கிலே தோற்று, வந்தவர் இறைவன் என்று தெரிந்தபின், எதைப் பாடுவேன் என்று திகைத்தபோது, வைத சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்று விடை வந்தது. அவ்வாறே பாடினார். சொல் ஒன்றே, காலையில் வசையாயிருந்தது பின்னர்த் தோத்திரமாயிற்று. வன்மையாகப் பேசியதாலே வன்றொண்டர் என்ற பெயரும், இறைவனோடு தோழமை பூண்டதாலே தம்பிரான் தோழர் என்ற பெயரும் அவர்க்கு உண்டு. வேறெந்த அடியாரும் அத்துணை உரிமையான குரலில் இறைவனிடம் பொன்னும் நெல்லும் கேட்டதில்லை.

அத்தோழமைக்கும் ஒரு சோதனை வந்தது. திருவொற்றியூரிற் சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்று சூளுரைத்து, அதனை மீறி ஊரெல்லையைத் தாண்டினார். இரு கண்ணும் ஒளி இழந்தன. அந்நிலையில் வழிநடந்து வந்து சேர்ந்த முதல் தலங்களுள் ஒன்று நம் வட திருமுல்லைவாயில். தக்கேசிப் பண்ணில் அமைந்த பதிகம் அங்கே பிறந்தது. துன்பத்தைக் களைய வேண்டுமென்ற விண்ணப்பம் பாட்டுக்குப் பாட்டு அதில் வருகின்றது. அங்கிருந்து மேற்கே திருவெண்பாக்கம் சென்றார். அவ்வூர் இன்று கண்ணுக்குத் தெரியாது. சென்னைக்கு நீர் தரும் பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் திறக்கப்பட்டது. பழைய வெண்பாக்கம் அதன் நீருக்குள் மறைந்தது. கோயில் பூண்டியிற் புதிதாக எடுக்கப்பெற்றது. கண்ணிழந்த நாயனார் வெண்பாக்கத்துச் சந்நிதியில் நின்று, நீர் இங்கே இருக்கின்றீரா என்று கேட்டார். இருக்கின்றோம், நீர் போம் என்னும் பொருள்பட உள்ளிருந்து விடை வந்தது. கண் வரவில்லை, ஓர் ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. அதனைச் சினந்து வீசினார் என்றும், அது நந்தியின் கொம்பிற் பட்டு அதனை ஒடித்தது என்றும் தலவரலாறு கூறும். அங்குள்ள அம்மைக்குக் கனிவாய்மொழி நாயகி என்று ஒரு பெயர். இவ்வளவு கடுஞ்சொல் நிகழ்ந்த இடத்தில் இப்பெயர் அமைந்தது பொருத்தமே.

அவ்விடையை எத்தொனியில் வாசிப்பது என்பதே எமக்கும் நண்பர்க்கும் நெடுநாளாக நடந்துவந்த வழக்கு. அது புறக்கணிப்பின் குரல் என்பது எம் கட்சி. தோழனிடம் பேசுகையில் 'இருக்கின்றேன்' என்னாது பன்மையிற் கூறியதே அதற்குச் சான்று என்றோம். உற்றவர்கள் மனங்கசந்தால் மரியாதைப் பன்மையைத்தானே முதலிற் கையிலெடுக்கின்றனர்? கணவன் மனைவியர் பிணக்கில் 'நீங்கள்' என்பது நுழைந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. மேலும், 'போம்' என்பது எத்தொனியிற் சொன்னாலும் போம் என்பதுதானே?

நண்பர் அவ்விடையைத் தம் குரலில் மூன்று விதமாகச் சொல்லிக்காட்டினார். முதலது யாம் சொன்னதுபோல் வறண்டிருந்தது. இரண்டாவது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் உள்ளிருந்தபடியே, நான் இங்கேதான் இருக்கிறேன், நீ போ என்று சொல்வதுபோல் இருந்தது. மூன்றாவதை இன்னது என்று எம்மால் எழுத முடியவில்லை. கோபித்துக்கொண்டவர் குரல் நடுங்காமலிருக்க முயல்வதுபோல் இருந்தது என்று வேண்டுமானாற் சொல்லலாம்.

"இவற்றுள் எது சரி?" என்று கேட்டோம்.

"அதை நீர் ஏன் முதலிற் கேட்கிறீர்?" என்றார். "நாயனார் கேட்டது என்ன? கண் கொடு என்றா கேட்டார்? இருக்கிறீரா என்று கேட்டார். கண் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை; உமக்கு அதன் அருமை தெரியாது. எனக்கு நேர்ந்த அவமானங்களுட் பெரியது எது தெரியுமா? ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பேன். அவர் சொல்லாமல் எழுந்து போயிருப்பார். வெறும் நாற்காலியோடு நான் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பேன். அப்புறம் வேறு யாரோ வந்து, யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். கோபத்தோடு சொன்னாலும் சரி, கசப்போடு சொன்னாலும் சரி, உள்ளேயிருந்து இருக்கிறோம் என்று ஒரு குரல் வந்ததா இல்லையா? நாயனாருக்கு அந்த இரவு அது போதும். மற்றக் கண்ணைக் காஞ்சியிலும் ஆரூரிலும் வாங்கிக்கொண்டார்."

யாம் விடை கூறவில்லை. நாயனாரின் பதிகத்தை அவ்வாறு படித்த உரை எதுவும் எம் நினைவுக்கு வரவில்லை. நூலகத்திற் போய்ப் பார்க்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். வண்டி திருமுல்லைவாயிலை விட்டு அன்னனூரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கதவருகில் நின்றிருந்த கூட்டம் இறங்கியிருந்ததால் பெட்டியிற் பேச்சொலி குறைந்திருந்தது.

"இருக்கிறீரா?" என்றார் நண்பர்.

"இருக்கிறேன்" என்று விடையளித்தோம்.